ப்ளூ மூன்னா நீல நிலாவா? ஒரு இங்கிலீஷ் சொல்வழக்கும் வருஷத்துல மிச்சம் விழுற 11 நாளும்

"ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" இப்ப நம்ம பேச்சோட பேச்சா கலந்து போச்சு. ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல சொல்லிக் குடுக்காங்க, போட்டித் தேர்வு கைடுல இருக்கு, ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க சாதாரணமா சொல்லுறாங்க. இன்னொரு பக்கம் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்க "இன்னைக்கு ராத்திரி ப்ளூ மூன், பாக்கத் தவறாதீங்க"ன்னு டிவியில வரும், உடனே வாட்ஸப் ஸ்டேட்டஸ் பூரா நீல கலர் அடிச்ச நிலா படம், கன்னியாகுமரி பீச்ல செல்லும் கையுமா கூட்டம். இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டு ஒரு விளக்கம் சுத்துது: "ஒரே மாசத்துல ரெண்டு பௌர்ணமி வந்தா ரெண்டாவது நிலா நீலமா தெரியும், அதுல இருந்துதான் இந்த சொல்வழக்கு வந்துச்சு."

ரெண்டாவது பௌர்ணமிய ப்ளூ மூன்னு கூப்பிடுறது உண்மைதான். ஆனா அது நீலமா இருக்காது. சொல்வழக்கும் அதுல இருந்து வரல, ஏன்னா சொல்வழக்குக்கு வயசு கூட. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இந்தத் தப்பான விளக்கத்தை அப்படியே நோட்டுல எழுதி மனப்பாடம் பண்றதப் பாக்க எனக்கு மனசு கேக்கல, அதான் இதை உக்காந்து எழுதுறேன். இதைப் புரிஞ்சுக்க வானியல் எதுவும் படிச்சிருக்க வேண்டாம், கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும்.

மொதல்ல சொல்வழக்கோட அர்த்தம்

ரொம்ப அபூர்வமா, எப்பவாச்சும் ஒருக்க. அவ்வளவுதான் அர்த்தம். துபாய்ல இருக்குற அண்ணன் வீட்டுக்கு எப்பவாச்சும்தான் போன் பண்ணுவான்னா "ஹி கால்ஸ் அஸ் ஒன்லி ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்"னு சொல்லலாம். நம்ம வீட்டுல இதே எடத்துல பாட்டிமாரு "ஆடிக்கொருக்க அமாவாசைக்கொருக்க எட்டிப் பாக்கான்"னு சொல்லுவாங்க, இல்லன்னா "அத்தி பூத்தாப்பல". மூணும் ஒரே வேலையத்தான் செய்யுது.

வந்த கதையையும் சொல்லிருறேன். 1528ல அச்சான ஒரு இங்கிலீஷ் நூல்ல, நிலா நீலம்னு அவங்க சொன்னா நாமளும் அத உண்மைன்னு நம்பணும்னு ஒரு வரி வருது. அந்தக் கால மதகுருமாரைத் திட்டி எழுதினது அது. அதாவது நிலா நீலம்ங்கிறது நடக்கவே நடக்காத விஷயத்துக்கு உதாரணம். நாம "காக்கா வெள்ளை"ம்போமே, அதே மாதிரி. காலம் போகப் போக நடக்கவே நடக்காதுங்கிறது கொஞ்சம் தளர்ந்து எப்பவாச்சும் நடக்கும்னு மாறுச்சு. 1821ல அச்சான ஒரு புத்தகத்துல, உன்னைப் பாத்து ரொம்ப நாளாச்சுங்கிற அர்த்தத்துல ப்ளூ மூன் வந்தாச்சு. மாசத்துல ரெண்டாவது பௌர்ணமிக்கு இந்தப் பேரு வந்ததோ 1946லதான். 1821 எங்க, 1946 எங்க. அது வந்த விதத்தைப் பின்னால சொல்றேன்.

அதனால சொல்வழக்கு தனி, வானத்துல வர்ற ப்ளூ மூன் தனி, பேரு மட்டும் பொது. இதை மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா மீதி எல்லாம் லேசு.

ரெண்டு பௌர்ணமி எப்படி வருது: ரீசார்ஜ் கணக்கு

உங்க செல்லுக்கு 28 நாள் பேக் போடுறீங்கன்னு வையுங்க. ஜனவரி 1ஆம் தேதி போட்டா 28ஆம் தேதியோட முடியும், 29ஆம் தேதி மறுபடி போடணும். ஒரே மாசத்துல ரெண்டு ரீசார்ஜ். கம்பெனி கூடுதலா எதுவும் பண்ணல, சிம்ல விசேஷமா எதுவும் நடக்கல. பேக்கோட சுத்து 28 நாள், மாசத்தோட சுத்து 30 இல்லன்னா 31 நாள், ரெண்டும் பொருந்தல, அவ்வளவுதான். அந்தச் சின்னச் சின்ன வித்தியாசம் சேந்து சேந்து வருஷத்துல 12 மாசம் இருந்தாலும் 13 ரீசார்ஜ் ஆயிருது. இதப் பத்தி ஜனங்க ரொம்ப கம்ப்ளைண்ட் பண்ணித்தான் 2022ல தொலைத்தொடர்பு கம்பெனிகளைக் கண்காணிக்கிற ட்ராய் ஆணையம், ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பேக் ஒண்ணாவது வைக்கணும்னு உத்தரவு போட்டுச்சு.

இப்ப ரீசார்ஜ எடுத்துட்டு அந்த எடத்துல பௌர்ணமிய வையுங்க. 28க்குப் பதிலா ஏறக்குறைய இருபத்தொம்பதரை. மத்தபடி கணக்கு அதேதான்.

நிலாவோட சுத்து

ஒரு பௌர்ணமியில இருந்து அடுத்த பௌர்ணமிக்கு சராசரியா 29 நாள், 12 மணி, 44 நிமிஷம். தசமத்துல சொன்னா 29.53 நாள். இதுக்குப் பேரு சந்திர மாசம்.

பௌர்ணமின்னா என்ன? பூமி நடுவுல இருக்க, சூரியன் ஒரு பக்கம், நிலா நேர் எதிர்ப்பக்கம். எதிர்ப்பக்கம் இருக்கதாலதான் சூரியன் அடையுற நேரத்துக்கு நிலா எழும்புது. இதைக் கண்ணால பாக்க கன்னியாகுமரிய விட நல்ல எடம் இல்ல, கிழக்கயும் கடல், மேற்கயும் கடல். சித்ரா பௌர்ணமி அன்னைக்கு ஒரு பக்கம் சூரியன் அடையுறதையும் மறுபக்கம் நிலா வாரதையும் ஒரே நேரத்துல பாக்க அவ்வளவு கூட்டம் வருதே, அது பௌர்ணமிங்கிறதுக்கு நேரடி விளக்கம். எல்லாப் பௌர்ணமியும் இப்படித்தான், சூரியனும் நிலாவும் எதிரும் புதிருமா நிக்கும். கொளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கம் கடலுக்குப் போறவங்களுக்கு இந்தச் சுத்து சொல்லிக் குடுக்க வேண்டியதே இல்ல, நிலா வெளிச்சம் கூடுன ராத்திரியில மீன்பாடு கொறையும்னு அவங்க நாளை எண்ணித்தான் வச்சிருப்பாங்க.

இப்ப காலண்டர எடுங்க. ஒரு மாசத்துல 1ஆம் தேதியோ 2ஆம் தேதியோ பௌர்ணமி வந்துச்சுன்னா அந்த மாசம் முடியுறதுக்குள்ள இன்னொண்ணு வர வாய்ப்பு இருக்கு. பிப்ரவரிக்கு 28 நாள், லீப் வருஷம்னா 29, ரெண்டுமே 29.53க்குக் கீழ, அதனால பிப்ரவரியில ரெண்டு பௌர்ணமி வரவே வராது. சில வருஷம் பிப்ரவரிக்கு பௌர்ணமியே கிடைக்காது. 2018 அப்படித்தான்: ஜனவரி 2, ஜனவரி 31, அப்புறம் நேரா மார்ச் 2, மார்ச் 31. ஒரே வருஷத்துல ரெண்டு ப்ளூ மூன், நடுவுல பிப்ரவரிக்கு ஒண்ணும் இல்ல.

அந்த 2018 ஜனவரி 31தான் டிவியில சூப்பர் ப்ளூ ப்ளட் மூன்னு போட்டுக் கலக்கினாங்க. அன்னைக்கு நம்ம பக்கம் நிலா எழும்பும்போதே கிரகணத்தோடதான் எழும்புச்சு. சூப்பர் மூன்னா நிலா பூமிக்குக் கிட்ட வாரப்ப வர்ற பௌர்ணமி, கொஞ்சம் பெருசா தெரியும். ப்ளட் மூன்னா முழுச் சந்திர கிரகணம், நிலா செம்பு நிறத்துல தெரியும். இந்த ரெண்டுலயும் நிலாவப் பாத்தா வித்தியாசம் தெரியும். ப்ளூ மூன்ல மட்டும் வானத்தப் பாத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, காலண்டரப் பாத்தாதான் தெரியும்.

2023 ஆகஸ்ட்ல ஓணம் முடிஞ்ச மறுநாள் சாயங்காலம் கன்னியாகுமரியில நிக்கும்போது அக்கா மகன் கேட்டான், "மாமா, நீல நெலான்னு சொன்னாவ, இது மஞ்சளால்லா இருக்கு?" அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. "பேருதான் மக்ளே நீலம், நெலா எப்பவும் போலத்தான்"னு சொன்னேன். "அப்ப எதுக்கு மாமா இவ்வளவு ஆளு?"ன்னான். அவனுக்குப் பதில் சொல்லப் போய்தான் இந்த ரீசார்ஜ் கணக்கே எனக்குத் தோணுச்சு.

இங்க ஒரு சின்ன விஷயம், நெறைய பேரு குழம்புற எடம். அந்த மாசம் நம்ம டெய்லி காலண்டர்ல பௌர்ணமி ஆகஸ்ட் 1, ஆகஸ்ட் 30. நியூஸ்ல சொன்னதோ ஆகஸ்ட் 31. யாரு சரி? ரெண்டும் சரி. பௌர்ணமி திதிங்கிறது கிட்டத்தட்ட ஒரு நாள் நீளம் உள்ள நேரம், சூரியனுக்கு நேர் எதிர்ல நிலா வந்து நிக்கிற நிமிஷத்தோட அந்தத் திதி முடியும். வானியல்காரங்க அந்த முடியுற நிமிஷத்தை மட்டும் சொல்லுறாங்க, அது நம்ம நேரப்படி ஆகஸ்ட் 31 காலையில 7 மணி வாக்குல. நம்ம பஞ்சாங்கம் திதி இருக்குற நாளைச் சொல்லுது. அடுத்த தடவை காலண்டரும் நியூசும் ஒரு நாள் வித்தியாசமா சொன்னா ஒண்ணு தப்புன்னு நினைச்சிராதீங்க.

ஊருக்கு ஊரு நேரம் மாறுறதாலயும் ப்ளூ மூன் மாறும். 2009 டிசம்பர் 31ஆம் தேதி பௌர்ணமி லண்டன் நேரத்துக்கு ராத்திரி 7 மணி, அவங்களுக்கு அந்த டிசம்பர்ல அது ரெண்டாவது, அதனால ப்ளூ மூன். அதே நிமிஷம் நமக்கு ராத்திரி 12 தாண்டி 2010 ஜனவரி 1 ஆயிருச்சு. அதனால நமக்கு டிசம்பர்ல ஒண்ணுதான், ஜனவரியில 1, 30னு ரெண்டு. அந்த ரெண்டு பௌர்ணமிக்கும் நடுவுல வந்த அமாவாசைதான் ஜனவரி 15, நம்ம கன்னியாகுமரியில நட்ட நடு மத்தியானம் சூரியன் நெருப்பு வளையமா தெரிஞ்ச கங்கண கிரகணம். ஊர்ல பாதிப் பேருக்கு அது இன்னும் ஞாபகம் இருக்கும்.

சுருக்கமா: நிலா மாறல, அதோட சுத்து 29.53 நாள், மாசம் 30, 31 நாள், அந்த வித்தியாசத்துல ஒரு பௌர்ணமி கூடுதலா வந்து விழுது.

மிச்சம் விழுற 11 நாள்

எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

12 சந்திர மாசம் சேந்தா 354 நாள். சூரியனை வச்சுப் போட்ட வருஷம் 365 நாள். மிச்சம் 11 நாள். மூணு வருஷம் போனா 33 நாள், ஒரு முழு மாசத்துக்கும் மேல. அந்த மிச்சம் சேந்து ஒரு பௌர்ணமி அளவுக்கு ஆகும்போதுதான் 12 பௌர்ணமி இருக்க வேண்டிய வருஷத்துல 13 வருது. சராசரியா ரெண்டு வருஷம் எட்டு மாசத்துக்கு ஒருக்க. இன்னும் சரியா சொன்னா 19 வருஷத்துல 228 மாசம், ஆனா 235 பௌர்ணமி, கூடுதல் 7. கி.மு. 432ல ஏதென்ஸ்ல மெட்டான்னு ஒரு வானியலாளர் இந்த 19 வருஷக் கணக்கைச் சொன்னதால மெட்டான் சுழற்சின்னு இதுக்குப் பேரு. 19 வருஷம் கழிச்சு அதே தேதியில நிலா ஏறக்குறைய அதே அளவுலதான் இருக்கும். 1999லயும் 2018லயும் ஜனவரியில ரெண்டு பௌர்ணமி, பிப்ரவரியில ஒண்ணும் இல்ல, 2037லயும் அப்படியே வரும். நீங்க பொறந்த அன்னைக்கு நிலா எப்படி இருந்துச்சோ ஏறக்குறைய அப்படியேதான் உங்க 19ஆவது பொறந்தநாளுக்கும் 38ஆவது பொறந்தநாளுக்கும் இருக்கும், வேணும்னா பாத்துக்கிடுங்க.

இந்த 11 நாளை என்ன செய்யிறதுங்கிற கேள்விக்கு உலகத்துல மூணு விதமா பதில் சொல்லியிருக்காங்க, மூணும் நம்ம மாவட்டத்துக்குள்ளயே பஸ் ஏறிப் பாத்துட்டு வந்திரலாம்.

தக்கலைப் பக்கம் போனீங்கன்னா நோன்பு ஒரு வருஷம் நல்ல வெயில்ல வரும், சில வருஷம் கழிச்சு மழைக்காலத்துல வரும். ஏன்னா இஸ்லாமியக் காலண்டர் முழுக்க நிலாவை வச்சு மட்டும்தான், 354 இல்லன்னா 355 நாளோட வருஷம் முடியும், மிச்சத்தைச் சேக்கக் கூடாதுன்னு முடிவு. அதனால ரமலான் வருஷத்துக்கு 11 நாள் முன்னால நகந்து வந்துக்கிட்டே இருக்கும், கிட்டத்தட்ட 33 வருஷத்துல ஒரு முழுச் சுத்து சுத்தி வந்திரும்.

நம்ம கடற்கரை ஊரு பூரா கொண்டாடுற ஈஸ்டர் வேற மாதிரி. அங்க வருஷம் சூரியக் கணக்கு, ஆனா நாளை முடிவு பண்றது நிலா: மார்ச் 21 அன்னைக்கோ அதுக்குப் பிறகோ வர்ற மொதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை. அதனால ஈஸ்டர் ரொம்ப தூரம் ஓடாது, ஆனா ஒரே தேதியிலயும் நிக்காது. மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவுல முன்னப் பின்ன ஆடிக்கிட்டே இருக்கும். இதுல வர்ற பௌர்ணமி சர்ச் கணக்குல வச்ச பௌர்ணமி, ஒரு நாள் வித்தியாசம் வந்தாலும் வரும்.

மூணாவது பஞ்சாங்கம். தெலுங்கு, கன்னடம், வடநாட்டுப் பக்கம் நிலா மாசத்தை வச்சே பண்டிகை, ஆனா மிச்சம் ஒரு மாசம் அளவுக்குச் சேந்தவுடனே ஒரு மாசத்தைக் கூடுதலா சேத்திருவாங்க. அதுக்கு அதிக மாசம்னு பேரு. நம்ம தமிழ் மாசமோ, விளவங்கோடு கல்குளம் பக்கம் பெரியவங்க இன்னும் சொல்லுற மலையாள மாசமோ, சூரியன் ஒரு ராசியில இருக்குற காலத்தை வச்சுப் போட்டது, அதனால நமக்கு மாசத்தைச் சேக்க வேண்டிய அவசியம் இல்ல. அதுக்குப் பதிலா சில மாசத்துல ரெண்டு அமாவாசை வந்திரும். அப்படி வர்ற மாசத்தைத்தான் மலமாசம்னு சொல்லி கல்யாணம் காச்சி வைக்க யோசிப்பாங்க, சிலரு ரெண்டு பௌர்ணமி வந்தாலும் அப்படித்தான் சொல்லுவாங்க.

இதைக் கேட்டவுடனே உங்களுக்கு 2023 ஆடி ஞாபகம் வந்திருக்கணும். ஆடி 1ஆம் தேதியே, அதாவது ஜூலை 17, அமாவாசை. ஆடி முடியுறதுக்குள்ள ஆகஸ்ட் 16 இன்னொண்ணு. எந்த அமாவாசைக்கு முக்கடல்ல முங்கி தர்ப்பணம் குடுக்கணும்னு வீட்டுக்கு வீடு சந்தேகம். கேரளத்துல இதுக்குப் பேரு கர்க்கிடக வாவு, அதை ஜூலை 17ன்னு முடிவு பண்ணிட்டாங்க, தமிழ்நாட்டுல பரவலா ஆகஸ்ட் 16. குழித்துறையில வாவுபலிப் பொருட்காட்சி பாத்து வளந்த நமக்கு ரெண்டு பக்கமும் சொந்தக்காரங்க, ஒருத்தர் போன் பண்ணி முடிஞ்சாச்சுன்னு சொல்ல, இன்னொருத்தர் இனிதான்னு சொல்ல, வீட்டுல இருக்குற வயசானவங்க பதறிட்டாங்க. யாரும் தப்பு பண்ணல. ரெண்டும் ஆடி அமாவாசைதான்.

இந்த ஆடியில ரெண்டு அமாவாசை வந்ததும், அந்த ஆகஸ்ட்ல ப்ளூ மூன் வந்ததும், வடக்க அதே 2023ல ஜூலை 18ல இருந்து ஆகஸ்ட் 16 வரைக்கும் அதிக மாசம் வந்ததும், எல்லாத்துக்கும் காரணம் ஒண்ணுதான். அந்த 11 நாள் மிச்சம். அமெரிக்காக்காரன் மாசத்துல ரெண்டாவது பௌர்ணமிக்கு ப்ளூ மூன்னு பேரு வச்சு இப்ப நூறு வருஷம்கூட ஆகல, நம்ம பஞ்சாங்கம் எழுதுறவங்க இதை எத்தனையோ நூற்றாண்டா கையில வச்சுக் கணக்கு போட்டுக்கிட்டு இருக்காங்க. இது நம்ம பிள்ளைங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்காததுதான் எனக்கு வருத்தம்.

ரெண்டாவது பௌர்ணமிக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சு

அமெரிக்காவுல மெய்ன்ங்கிற மாநிலத்துல விவசாயிகளுக்குன்னு ஒரு பஞ்சாங்கம் வந்துக்கிட்டு இருந்துச்சு. அதுல ஒவ்வொரு பருவத்துக்கும், அதாவது வசந்தம், கோடை, இலையுதிர், குளிர்னு மூணு மூணு மாசத்துக்கு, சாதாரணமா மூணு பௌர்ணமி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு இருக்கும். ஒரு பருவத்துல நாலு வந்துட்டா பேரு பத்தாம போயிரும், அப்ப மூணாவதா வர்றதை ப்ளூ மூன்னு போட்டு ஒதுக்கி வச்சிருவாங்க, கடைசிப் பௌர்ணமிக்கு அதோட வழக்கமான பேரு அப்படியே நிக்கும்.

1946 மார்ச்ல ஸ்கை அண்ட் டெலஸ்கோப்ங்கிற வானியல் பத்திரிகையில ஜேம்ஸ் ஹியூ ப்ரூயட்னு ஒருத்தர் இதைப் பத்தி எழுதும்போது, அந்த 1937 வருஷத்துப் பஞ்சாங்கத்துல சொன்னதைத் தவறாப் புரிஞ்சுக்கிட்டு, ஒரு மாசத்துல வர்ற ரெண்டாவது பௌர்ணமின்னு எழுதிட்டாரு. ரொம்ப காலம் அது அப்படியே கிடந்துச்சு. 1980ல ஒரு அமெரிக்க ரேடியோ நிகழ்ச்சியில அதைச் சொல்லவும் ஊர் உலகம் பூரா பரவிருச்சு. 1999ல அதே பத்திரிகை, நாங்க போட்டதுதான் தப்புன்னு ஆராய்ஞ்சு வெளியிட்டுச்சு, ஆனா அதுக்குள்ள ஜனங்களுக்குப் பழகிப் போச்சு. காலண்டரப் பாத்தா யாருக்கும் சட்டுனு புரியுற கணக்கு அது, பருவக் கணக்கு அப்படி இல்ல. அதனால இப்ப ரெண்டு கணக்குமே புழக்கத்துல இருக்கு.

2024 ஆகஸ்ட் 19 ப்ளூ மூன்னு நியூஸ் வந்தப்ப, இந்த மாசம் ஒரு பௌர்ணமிதானே இருக்கு, எப்படின்னு நெறைய பேரு கேட்டாங்க. அது பழைய பருவக் கணக்கு, நாலுல மூணாவது. 2026ல மே 1, மே 31னு ரெண்டு பௌர்ணமி, அது மாசக் கணக்கு. 2027 மே 20 மறுபடி பருவக் கணக்கு. எந்தக் கணக்குன்னு நியூஸ்ல பெரும்பாலும் சொல்ல மாட்டாங்க, நாமதான் காலண்டரப் பாத்துத் தெரிஞ்சுக்கணும்.

அப்ப நிலா நீலமா தெரியவே தெரியாதா?

தெரியும். ஆனா அதுக்கும் காலண்டருக்கும் சம்பந்தம் இல்ல, எந்தப் பௌர்ணமியிலயும், ஏன் பாதி நிலாவுலகூட நடக்கலாம்.

நிலா கடல்ல இருந்து எழும்பும்போது மஞ்சளா, சில நாள் செக்கச்செவேல்னு இருக்கே, அது ஏன்? அடிவானத்துல இருந்து வர்ற வெளிச்சம் ரொம்ப தூரம் காத்துக்குள்ள ஊடுருவி வரணும். காத்துல இருக்குற ரொம்பச் சின்னத் துகள் நீல வெளிச்சத்தைத்தான் கூடுதலா நாலாபக்கமும் தெறிக்க விடும், அதனால நம்ம கண்ணுக்கு வந்து சேர்றது மிச்சம் இருக்குற மஞ்சளும் சிவப்பும். இந்தத் தெறிக்கிறதுக்கு ஒளிச்சிதறல்னு பேரு.

துகளோட அளவு கொஞ்சம் பெருசாகி, ஒரு மைக்ரான் பக்கம் வந்துட்டா கதை தலைகீழா மாறிரும். மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. சிவப்பு வெளிச்சத்தோட அலைநீளம் 0.7 மைக்ரான், துகள் அதை விடக் கொஞ்சம் பெருசா, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவா இருந்தா, சிவப்பைத்தான் கூடுதலா தெறிக்க விடும், நீலம் நேரா வந்து சேரும். நிலா நீலமா தெரியும். சாதாரணப் புகையிலயும் தூசியிலயும் எல்லா அளவுத் துகளும் கலந்து கிடக்கதாலதான் இது இவ்வளவு அபூர்வம்.

1883 ஆகஸ்ட் 27 அன்னைக்கு ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவுல கிரகட்டோவா எரிமலை வெடிச்சுச்சு. சுமத்ரா பக்கம்னாலே கொளச்சல், மேலமணக்குடி ஆட்களுக்கு 2004 டிசம்பர் 26தான் மனசுல வரும், 1883லயும் அந்த வெடிப்புலயும் அதுல எழும்புன அலையிலயும் 36,000 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அந்த எரிமலைச் சாம்பல் மேல போய் உலகத்தையே சுத்துச்சு, பல நாட்டுல நிலாவும் சூரியனும் நீலமாவும் பச்சையாவும் தெரிஞ்சுச்சு. செப்டம்பர்ல இலங்கையிலயும் மெட்ராஸ் பக்கமும் சூரியன் பச்சையா தெரிஞ்சதை அப்பவே எழுதி வச்சிருக்காங்க. 1950 செப்டம்பர்ல கனடாவுல ஆல்பர்ட்டா பக்கம் காடு எரிஞ்ச புகை அட்லாண்டிக் தாண்டிப் போய் ஸ்காட்லாந்துல சூரியனையும் நிலாவையும் நீலமா காட்டுச்சு. இதுதான் நிஜ நீல நிலா. சொல்வழக்கு சொல்லுற அபூர்வத்துக்கு உண்மையிலயே பொருந்துறது இதுதான், ரெண்டே முக்கால் வருஷத்துக்கு ஒருக்க காலண்டர்ல வர்றது இல்ல.

இதுவரைக்கும் பாத்ததுல ப்ளூ மூன்ங்கிற பேருக்கு நாலு பொருள் வந்துருச்சு: அபூர்வம்னு சொல்லுற சொல்வழக்கு, பருவத்துல நாலுல மூணாவது பௌர்ணமி, மாசத்துல ரெண்டாவது பௌர்ணமி, புகையும் சாம்பலும் காட்டுற நிஜ நீலம்.

பேசும்போதும் எழுதும்போதும்

"ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" அஞ்சு வார்த்தையும் ஒரே கட்டா கெட்டிப்பட்டுப் போனது, ஒண்ணையும் மாத்தக் கூடாது. ஆன் எ ப்ளூ மூன்னு சொல்லக் கூடாது, இன் த ப்ளூ மூன்னும் சொல்லக் கூடாது, ரெண்டு தடவைன்னு சொல்லணும்னு ட்வைஸ் போடக் கூடாது. போட்டித் தேர்வுல கோடிட்ட எடத்தை நிரப்புறதுல இந்த "எ"யத் தூக்கிட்டுக் கேட்டாலும் கேப்பாங்க. பெரும்பாலும் வாக்கியத்தோட கடைசியில வரும்: "வி ஈட் அவுட் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்." முன்னால ஒன்லி சேத்துக்கிடலாம், அப்ப இன்னும் அழுத்தம் கூடும்.

வாழ்க்கையில ஒரே ஒரு தடவை நடக்குறதுக்கு இது ஆகாது. 2010ல நம்ம ஊர்ல தெரிஞ்ச கங்கண கிரகணத்துக்கோ ஒரு ஆளோட கல்யாணத்துக்கோ இதைப் போட்டா தப்பு. அதுக்கு "ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்"னு வேற இருக்கு. ப்ளூ மூன் போடணும்னா அது திரும்பவும் நடக்கணும், இடைவெளி பெருசா இருக்கணும், எப்ப நடக்கும்னு சொல்ல முடியாம இருக்கணும். இந்த மூணாவதை நெறைய பேரு விட்டுடுறாங்க. மண்டைக்காடு மாசிக் கொடை வருஷத்துக்கு ஒருக்கதான், ஆனா வர்ற மாசம் எல்லாருக்கும் தெரியும், அதனால அதுக்கு "ஒன்ஸ் எ இயர்"தான் பொருத்தம். வெளிநாட்டுல இருக்குற சித்தப்பா லீவு கிடைச்சா வருவாரு, கிடைக்கலன்னா நாலு வருஷம் வர மாட்டாரு, அது ப்ளூ மூன்.

அதே மாதிரி அபூர்வம்ங்கிறதை அருமைன்னு எடுத்துக்கிடக் கூடாது. அற்புதமான படம், அழகான சாயங்காலம்னு சொல்ல இதைப் போடுறாங்க, அந்த அர்த்தம் இதுல இல்லவே இல்ல. கெட்டதுக்கும் போடலாம்: எங்க தெருவுல கரண்ட் போறது ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்னு சொன்னா அது கரண்டைப் பத்தின நல்ல செய்தி.

இது பேச்சு வழக்கு. வீட்டுல, பிரெண்ட்ஸ்கிட்ட, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்ககிட்ட தாராளமா சொல்லலாம். இன்டர்வியூல "டூ யூ டேக் லீவ் ஆஃபன்?"னு கேட்டா இதைச் சொன்னா தப்பு கிடையாது, ஆனா "ஐ ரேர்லி டேக் லீவ்" அந்த எடத்துக்கு இன்னும் நல்லா இருக்கும். கலெக்டர் ஆபீசுக்கு மனு, பேங்குக்கு லெட்டர், பிராஜெக்ட் ரிப்போர்ட், இதுல எல்லாம் "ரேர்லி" போதும். ஒன்ஸ் இல்லாம வெறும் ப்ளூ மூன்னு மட்டும் எழுதினா படிக்கிறவங்க நிலாவைத்தான் நினைப்பாங்க. "தேர் இஸ் எ ப்ளூ மூன் ஆன் 31 மே 2026"னு எழுதலாம், அது காலண்டர் விஷயம், அங்க அபூர்வம்ங்கிற சொல்வழக்கு வரல.